இன்ஜினுக்குள் வந்த தண்ணீர்

எண்ணெய் அளவு காட்டும் ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார் கியாசுதீன். துடைத்தார். மறுபடி உள்ளே விட்டு உருவினார். மூன்றாவது தடவையும் பார்த்தார்.

இன்ஜினில் எண்ணெய் குறையவில்லை. இரண்டு விரல்கடை கூடியிருந்தது.

"எண்ணெய் குடிக்கிற இன்ஜினைப் பாத்துக்கீறேன்," என்றார் அவர். "குட்டி போடற எண்ணெயை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

படகின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மகள் நிசா சிரிக்கப் பார்த்தாள். அத்தாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டாள். கம்பியின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கிக்கொண்டிருந்தது.

எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர்.

அது எழுபத்தைந்தாம் வருடம், ஐப்பசி மாதம். இரவு முழுக்கக் கொட்டிய மழை விடிந்த பிறகுதான் நின்றிருந்தது. கோவளத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு. நிசாவின் முழுப்பெயர் ஃபக்ருன்னிசா. கூப்பிடுவதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்று எல்லாரும் அதைப் பாதியாக்கிவிட்டார்கள்.

"ராஜேந்திரா," என்று கியாசுதீன் கூப்பிட்டார்.

வலையை மடித்துக்கொண்டிருந்த ராஜேந்திரன் எழுந்து வந்தார். ஆறு வருடமாக அந்த விசைப்படகின் டிரைவர் அவர்தான். இன்ஜினை ஓட்டுவதும் துடைப்பதும் திட்டுவதும் எல்லாம் அவர்தான்.

"நேத்து சாயங்காலம் எண்ணெய் பாத்தது யாரு?"

"நான்தான் பாய்."

"பாத்துட்டு எண்ணெய் ஊத்துற மூடியை மூடினியா?"

மூடினேன் என்று ராஜேந்திரன் சொல்லியிருக்கலாம். யார் பார்த்தார்கள்? ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை.

"தெர்ல பாய். பொண்ணு மேரிக்கு ஜுரம்னு ஆளு வந்து சொன்னாங்கோ. அப்படியே ஓடிட்டேன். மூடுனேனா இல்லியான்னு ஞாபகம் வரல."

"காலைல நான் பாக்கறப்போ மூடி கோணலா குந்திக்கினு இருந்துச்சு. மேல தார்ப்பாய் கிழிஞ்சு கீது. ராத்திரி பூரா மழை. அப்பால இன்னா?"

ராஜேந்திரன் அந்த மூடியை எடுத்துத் திருகிப் பார்த்தார்.

"நாலு பேரு உசிரு இந்த இன்ஜினை நம்பித்தான் கடலுக்குப் போவுது. இந்த எண்ணெயை உறிஞ்சி எடுத்துட்டு நீ கிளம்பு, இனிமே வர வேணாம். புது எண்ணெய் வாங்கியாரேன். டிரைவர் சின்னராசுக்கு ஆளு அனுப்பறேன். பதினோரு மணிக்கு அவன் படகை எடுக்கட்டும்."

கியாசுதீன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று நிசாவுக்குத் தோன்றியது. சத்தம் போட்டால் அத்தா சீக்கிரம் மாறிவிடுவார். மெதுவாகச் சொன்னதை அவர் மாற்றியதே இல்லை.

லாரிக்கு எண்ணெய் மாற்றுவது சுலபம். அடியில் படுத்துத் திருகைக் கழற்றினால் கொட்டிவிடும். இந்த இன்ஜினோ படகின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருந்தது. அதற்கு அடியில் படுக்க வேண்டுமென்றால் மீன்களோடுதான் படுக்க வேண்டும். அதனால் மேலிருந்து ஒரு குழாயை உள்ளே விட்டு, கைப் பம்பால் உறிஞ்சி எடுப்பார்கள்.

மற்ற நாட்களில் இன்ஜினை முதலில் கொஞ்சம் ஓட்டுவார்கள். சூட்டில் எண்ணெய் இளகி வரும். இன்று உள்ளே தண்ணீர் இருந்ததால் ராஜேந்திரன் அதை ஓட்டவில்லை. குழாயை அடி வரைக்கும் விட்டார். நிசா மறுமுனையைத் தகர டின்னுக்குள் பிடித்துக்கொண்டாள்.

எண்ணெய் மேலே மிதக்கும், தண்ணீர் அடியில் தங்கும். அதனால் முதலில் தண்ணீர்தான் வந்தது. குழாய் ஒரு தடவை துள்ளி, இன்ஜின் பெட்டியின் கறுப்பு மூடிமேல் தெறித்தது.

"கெட்டியா புடி நிசா."

"அண்ணே, இனிமே நீங்க எங்க வேலைக்குப் போவீங்க?"

"காசிமேட்டுல என் மச்சான் கீறான். அங்க படகு நெறய. எல்லாரும் அங்கயே போயிட வேண்டியதுதான்."

"மேரியுமா?"

"பின்ன, அவளை மட்டும் இங்க விட்டுட்டா போறது?"

ஆறாம் வகுப்பில் நிசாவும் மேரியும் ஒரே பெஞ்சு. கணக்கு மேரிக்கு வரும், கட்டுரை நிசாவுக்கு வரும். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு முழு மாணவி என்று டீச்சர் சொல்வார்.

தண்ணீர் நின்று, கறுப்பாக எண்ணெய் வரத் தொடங்கியது. ராஜேந்திரன் தண்ணீர் டின்னை நகர்த்திவிட்டு வேறு டின்னை வைத்தார். வெயில் சுளீரென்று அடித்தது. ராஜேந்திரன் பம்பை அடித்துக்கொண்டிருந்தார்.

எண்ணெய் தீரும்போதுதான் நிசா அதைப் பார்த்தாள்.

இன்ஜின் பெட்டியின் கறுப்பு மூடியில் தெறித்த தண்ணீர் காய்ந்திருந்தது. அது காய்ந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள். கடலில் குளித்துவிட்டு வெயிலில் நின்றால் கையில் படியுமே, அதே வெள்ளை.

இரவெல்லாம் மழையில் நனைந்த பக்கத்துப் படகைப் பார்த்தாள். அதன் கறுப்பு விளிம்பும் காய்ந்துதான் இருந்தது. அங்கே வெள்ளை எதுவும் இல்லை.

"அண்ணே, இந்த டின்னு பழசா?"

"புதுசு. நேத்துதான் வாங்கினது. இன்னாத்துக்குக் கேக்கறே?"

பதில் சொல்ல நிசா அங்கே இல்லை. ஒரு போணி நிறைய அந்தத் தண்ணீரை மொண்டுகொண்டு வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அம்மா சம்சாத் பேகம் அடுப்பங்கரையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ரெண்டு கரண்டி வேணும்."

"எதுக்கு?"

"தண்ணி காய்ச்ச."

"தண்ணியைக் கரண்டியிலயா காய்ச்சுவாங்க? அது இன்னா, கறுப்பா மெதக்குது?"

"இன்ஜின் எண்ணெய். பேப்பரால ஒத்தி எடுத்துடறேன்."

"என் தாளிக்கிற கரண்டியிலயா?" சம்சாத் பேகம் கத்தியைக் கீழே வைத்தார். ஆனால் மகளின் கண்களில் தண்ணீர் நின்றதைப் பார்த்தார். அது வெங்காயத்தால் வந்ததல்ல என்று அவருக்குத் தெரிந்தது. இரண்டு கரண்டிகளையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, திரி ஸ்டவ்வையும் அவரே ஏற்றினார்.

நிசா ஒரு கரண்டியில் போணித் தண்ணீரை ஊற்றினாள். இன்னொன்றில், முற்றத்து அண்டாவில் பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீர். இரண்டும் கொதித்தன. இரண்டும் வற்றின.

மழைக் கரண்டி வெறும் கரண்டியாக இருந்தது. போணிக் கரண்டியின் அடியில் அழுக்கு வெள்ளையாய் ஒரு படலம் ஒட்டியிருந்தது.

நிசா கரண்டிகளின் காம்பைத் துணியால் பிடித்துக்கொண்டு மறுபடி ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது படகில் கூட்டமாக இருந்தது. சின்னராசு வந்துவிட்டான். இன்ஜினைச் சுற்றுகிற கைப்பிடி அவன் கையில் இருந்தது. கியாசுதீன் புது எண்ணெயைக் கடைசிச் சொட்டு வரை ஊற்றி முடித்திருந்தார். ராஜேந்திரன் தன் துண்டையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு கரையில் இறங்கிவிட்டார்.

"அத்தா, இன்ஜினைச் சுத்தாதீங்க."

"ஏன்?"

"உள்ள வந்தது மழைத் தண்ணி இல்ல."

நிசா மூச்சு வாங்கிக்கொண்டே இரண்டு கரண்டிகளையும் நீட்டினாள். எது எந்தத் தண்ணீர் என்று சொன்னாள். கியாசுதீன் வெள்ளைப் படலத்தை நகத்தால் சுரண்டி, நாக்கின் நுனியில் வைத்தார். உடனே கடலில் துப்பினார்.

"உப்பு," என்றார்.

"டின்னுல ஏற்கெனவே உப்பு இருந்திருக்கும் பாய்," என்றான் சின்னராசு.

"புது டின்னு," என்றாள் நிசா. "மழை உப்பாவா பெய்யும்?"

கரையில் நின்ற ராஜேந்திரன் தூக்கைக் கீழே வைத்தார். ஒரே தாவில் படகில் ஏறினார். யாரையும் கேட்கவில்லை.

"உப்புத் தண்ணின்னா அது மேலேர்ந்து வரல பாய். பம்ப்லேர்ந்து வந்துக்கீது."

இன்ஜின் சூடாகாமல் இருக்க ஒரு சின்னப் பம்ப் வெளித் தண்ணீரை இழுத்து அதைச் சுற்றி ஓட விடும். ராஜேந்திரன் முதலில் தண்ணீர் வருகிற வழியை அடைத்தார். பிறகு பம்பைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுத்துக் காட்டினார். அதன் ஒரு பக்கம் எலி கடித்தது போலத் தேய்ந்து பிய்ந்திருந்தது.

"இந்த சீல் தேஞ்சு பூட்டுச்சு பாய். ராத்திரி பூரா இந்த வழியா உள்ள கசிஞ்சுகினு இருந்துக்கீது. புது எண்ணெய் ஊத்தினாலும் கடலுக்குள்ள போறதுக்குள்ள மறுபடி தண்ணி ஏறியிருக்கும்."

"ஏறினா?" என்று கேட்டாள் நிசா.

"இன்ஜின் புடிச்சுக்கும், அப்படியே நின்னுடும். அப்பால கரைக்கு நீந்தித்தான் வரணும்."

சின்னராசு கைப்பிடியைப் பாம்பைப் போடுவது போல மெல்லக் கீழே வைத்தான். "எனக்கு நீச்சலே வராது பாய்," என்றான்.

முதலில் சிரித்தது ராஜேந்திரன்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கியாசுதீன் பலகையில் உட்கார்ந்து, நெற்றி வியர்வையைத் துடைத்து, நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

மெக்கானிக் மோசஸிடம் சின்னராசுவே சைக்கிளில் போய்ப் புது வளையம் வாங்கி வந்தான். ராஜேந்திரன் அதைப் பொருத்தினார். அடைத்த வழியைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். கியாசுதீன் ஆயில் கம்பியை உருவி, மகளிடம் நீட்டினார்.

"நீயே பாரு."

தேன் நிறத்தில் எண்ணெய் கோட்டிலேயே நின்றது. நுனியில் தண்ணீர் இல்லை.

இன்ஜினைச் சுற்றினார்கள். அது இருமியது, பிறகு டுப் டுப் என்று பாடத் தொடங்கியது. கியாசுதீன் ராஜேந்திரனைப் பார்த்தார்.

"காலைல நாஸ்தா துன்னியா?" என்றார்.

"இல்ல பாய்."

"நானும் துன்னல. வூட்டுக்கு வா, துன்னலாம். நாளைக்குக் காலைல நீ படகை எடு."

"பாய், அந்த மூடி... அதை மூடினேனான்னு இன்னும் ஞாபகம் வரல."

"தொலையுது போ. நாளைக்கு ஒரு கயித்துல கட்டி உன் கழுத்துல மாட்டிவுடறேன்."

"அப்போ நான் இன்னா பண்றது?" என்றான் சின்னராசு.

"நீயும் வந்து துன்னு."

மூன்று பேரும் வீட்டுப் பக்கம் நடந்தார்கள். நிசா அவர்களோடு போகவில்லை. அவள் மேரியின் வீட்டை நோக்கி ஓடினாள்.

மேரி பாயில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். "இன்னாடி, இப்படி மூச்சு வாங்கிகினு வரே?"

நிசா வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையில் என்ன நடந்தது என்று மேரிக்கு எதுவுமே தெரியாது. காசிமேடும் தெரியாது. இனிமேல் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

"ஒண்ணுமில்ல. ஜுரம் எப்படிக் கீதுன்னு பாக்க வந்தேன்."

"விட்டுடுச்சு." மேரி மூக்கைச் சுருக்கினாள். "ஏண்டி, எங்கப்பா மாதிரியே எண்ணெய் நாத்தம் நாறுறே?"

"ஆமா," என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, நிசா அவளை இடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள்.