குருட்டுப் புள்ளி

"கண்ணு அனங்குதுன்னு மெஷின் சொல்லுது அண்ணா. அனங்காதீங்க."

கண் சோதனை எடுக்கும் ஸ்ரீஜித் மூன்றாவது முறையாகச் சொன்னான். செல்வின் கண்ணை அசைக்கவே இல்லை.

மோவாய் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் பதிந்திருந்தது, நெற்றி ஒரு பட்டையில் அழுந்தியிருந்தது, இடக்கண்ணை வெள்ளைத் துணி மூடியிருந்தது, எதிரே பெரிய சட்டியின் உட்புறம்போல ஒரு வெள்ளைக் குழிவு மங்கிய வெளிச்சத்தில் விளிம்பே தெரியாமல் விரிந்து கிடந்தது. ஸ்பிரிட் வாடை அடித்தது. யார் யாரோ நெற்றி வைத்துப்போன பட்டையில் தைலமும் வேர்வையும் மணத்தன. கதவுக்கு அப்பால் கிழக்கேகோட்டை பஸ்களின் ஹாரன் தண்ணீருக்கடியில் கேட்பதுபோலக் கேட்டது.

நடுவிலுள்ள மஞ்சள் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். வேறெங்காவது சிறு வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும்.

"வீடியோ கேம்னு நினைச்சா மதி, அது போதும்," என்றிருந்தான் ஸ்ரீஜித். "ஜெயிச்சாலும் தோத்தாலும் ஜானவி மேடத்தைத்தான் பாக்கணும்."

தோற்கத்தான் செல்வின் வந்திருந்தான். மனைவி பொன்செல்வி இறந்த பிறகு தலைவலி வந்தது. பிறகு பார்வையின் வலது ஓரத்தில் ஒரு சாம்பல் நிழல். அவன் திரும்பினால் அதுவும் திரும்பியது. கழக்கூட்டம் ஆபீஸில் மேசையருகே நின்றது. குளியலறையிலும் நின்றது. டாக்டர் ஜானவி தலையை ஸ்கேன் எடுக்க வைத்தார், காதுகளைச் சோதித்தார். "தலையிலயும் ஒண்ணுமில்லே, காதுலயும் ஒண்ணுமில்லே. கண்ணு ஒண்ணுதான் பாக்கி," என்று நல்ல சேதிபோலச் சொன்னார்.

கண்ணில் ஏதாவது இருந்தாக வேண்டும். நோய் என்றால் அதற்கொரு பெயர் இருக்கும், சொட்டுமருந்து இருக்கும். நோய் இல்லையென்றால், அது நிஜமாகவே அங்கே நிற்கிறது.

"எல்லார் கண்ணிலயும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு அண்ணா, இந்தக் கண்ணுக்கு வலப்பக்கம்," என்றான் ஸ்ரீஜித். "அங்க ஒண்ணும் தெரியாது. எனக்கும் தெரியாது, மேடத்துக்கும் தெரியாது. மெஷின் இடைக்கிடை அங்க லைட் அடிச்சுப் பாக்கும். யாரும் அமுக்க மாட்டாங்க. அமுக்கினா கண்ணு அனங்கிப்போச்சுன்னு அர்த்தம். நீங்க அங்க வர்ற எல்லாத்துக்கும் அமுக்குறீங்க."

"நான் அசைக்கல்ல தம்பி."

"அதான். கேமராவில உங்க கண்ணு நேராத்தான் நிக்குது." சிரிக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். "சாரமில்ல, விடுங்க. பழைய மெஷின்."

வலது ஓரத்தில் மின்னியது. செல்வின் பொத்தானை அழுத்தினான். கிளிக். அவன் கண்டது வெளிச்சத்தை அல்ல, அது எதன் மேல் பட்டதோ அதை. ஈரமான முடிக்கற்றை ஒன்று.

இடப்பக்கம் ஒரு மின்னல், மேலே ஒன்று, கீழே ஒன்று. அவை வெறும் புள்ளிகள். அங்கே குழிவு மட்டுமே இருந்தது.

மறுபடி வலது ஓரம். ஒரு காதுமடல். அதில் தோடு இல்லாத துளை. தோடுகளை ஆஸ்பத்திரியில் கழற்றி அவன் கையில்தான் கொடுத்தார்கள்.

மறுபடி. கன்னத்தின் விளிம்பு.

இத்தனை நாளும் அது முதுகைக் காட்டி நின்றிருக்கிறது. இப்போது திரும்புகிறது.

"போதும் தம்பி. நிறுத்து."

"இப்ப நிறுத்தினா முதல்லருந்து வரணும் அண்ணா. கொஞ்சந்தான் பாக்கி."

கண்ணை இடப்பக்கம் ஓட்டினான். ஓரமும் கூடவே வந்தது. எழுந்து ஓடலாம். கதவு வரை. பஸ் வரை. ஃபிளாட் வரை. ஓரம் கூடவே வரும். கண் அவனுடையது. அதை எங்கே விட்டுவிட்டுப் போவான்?

மின்னல். மூக்கு.

மின்னல். உதட்டோரம்.

"ஸ்ரீஜித்!"

"சரி அண்ணா, சரி. நிறுத்திட்டேன். கண்ணை மூடி ரெஸ்ட் எடுங்க."

மெஷினின் இரைச்சல் அடங்கியது. பொத்தான் செல்வினின் கையிலிருந்து நழுவி வயரில் தொங்கியது. கண்ணை இறுக மூடினான்.

இருட்டு.

நல்ல இருட்டு.

வலது ஓரத்தில் வெளிச்சம்.

அது அணையவில்லை.

பொன்செல்வி முழுதாகத் திரும்பியிருந்தாள். மோவாயை எதன் மேலோ பதித்திருந்தாள், கையில் எதையோ பிடித்திருந்தாள். ஒரு கண்ணில் வெள்ளைத் துணி. மற்றக் கண் இமைக்கவில்லை. அசையவில்லை. நடுவில் வைத்த புள்ளியைப் பார்ப்பதுபோல அவனையே பார்த்தது.

கிளிக்.