ஒரு சொட்டுக் கறுப்பு

1992 ஜூன், திங்கட்கிழமை, காலை ஏழு ஐம்பது. எட்மண்ட் வீட்டு அழைப்பு மணியிலிருந்து ஜெயசீலி விரலை எடுக்கவே இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவளும் கணவன் ஆரோக்கியசாமியும் விளம்பரப் படம் வரையும் ஸ்டுடியோ தொடங்குகிறார்கள். மாலை ஐந்து மணிக்குத் திறப்பு விழா. உள்ளே மேசை முதல் விளக்கு வரை வடிவமைத்தவன் அவன். நீளச் சுவரில் ஓவியம் தீட்டியவள் அவள். பார்த்தவர்கள் எல்லாரும் சுவரைப் பற்றித்தான் பேசினார்கள். இன்று கதவைத் திறந்தால் ஓவியம் முழுக்கக் கறுப்பு பெயிண்ட்.

"வேம்புலிதான் சார். வெளியில போர்டு எழுதறவன். அவன்கிட்டயும் சாவி இருக்கு. அந்தச் சுவரைத் தனக்குக் குடுக்கலைன்னு ஒரே புலம்பல். போலீசுக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை வந்து பாருங்க."

தொழிற்சாலையில் முப்பது வருடம் பரிசோதகராக இருந்தவர் எட்மண்ட். "தரை பாழாச்சாம்மா?" என்றார்.

"தரையா? கவனிக்கலை."

பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டாள். எட்மண்டின் துப்பறிதல் எதையும் அவள் தவறவிட்டதில்லை.

ஸ்டுடியோ உள்ளே மேசையோரம் ஆரோக்கியசாமி நின்றிருந்தான். வாசலில் வேம்புலி குந்தியிருந்தான். "பொறாமை கீதும்மா, இல்லேங்கல. அதுக்காவ இன்னொருத்தர் படத்து மேல கை வெப்பனா?"

"செருப்பெல்லாம் பெயிண்ட், அங்கிள்!" கஸ்தூரி கிசுகிசுத்தாள்.

"அவன் எழுதின போர்டுக்குக் கீழே பார்."

படியெல்லாம் சொட்டு.

"இப்ப உள்ளே பார். ஒரு வாளி கறுப்பு. தரையில ஒரு சொட்டு இருக்கா?"

இல்லை. சுவரின் அடியில் மட்டும் செய்தித்தாளின் கிழிந்த ஓரம் ஒட்டியிருந்தது.

"ஆத்திரத்தோட வந்தவன் முதல்ல தரைக்குத் தாள் விரிச்சிருக்கான். வேம்புலிக்கு அந்தப் பழக்கமே கிடையாது. இந்தத் தரை மேல யாருக்கு அவ்வளவு பிரியம்?"

கஸ்தூரி அப்போதுதான் குனிந்து பார்த்தாள். வெள்ளை மொசைக்கில் கறுப்புச் சில்லுகள் பதித்த ஒரே ஒரு கோடு வாசலிலிருந்து கிளம்பி, ஒவ்வொரு மேசையையும் சுற்றி, கடைசியில் ஜெயசீலியின் நாற்காலிக்குக் கீழே போய் நின்றது.

வேம்புலி மெல்லச் செருப்பைக் கழற்றினான்.

"மூணு மாசம், சில்லு சில்லா நானே பதிச்சேன்," என்றான் ஆரோக்கியசாமி. "வந்தவங்க எல்லாம் உன் சுவத்தைப் பார்த்துக்கிட்டே இது மேல நடந்தாங்க. அவங்க கிடக்கட்டும். இந்தக் கோடு எங்க போய் முடியுதுன்னு நீயாவது பார்த்தியா, சீலி?"