சூனியக்காரி வளைவில் நிற்பவள்

"யாருங்க என் காரைத் தொட்டது?"

தேக்லா திடுக்கிட்டுத் திரும்பினாள். ஒரு கையில் காபி, மறு கையில் உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் மசியலும்... நெடுநெடுவென்று ஒருவன் நின்றிருந்தான். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கோபம்தான். ஆனால் அந்தக் கண்கள்... மழை விடாமலே வெயில் எட்டிப் பார்த்தால் காடு எப்படி மின்னுமோ, அப்படி ஒரு பச்சை.

'அழகா இருந்தா மட்டும் போதுமா, கத்தறானே!'

"தொடலீங்க... கொஞ்சம் சரி பண்ணினேன்."

உண்மையில் அவள் அங்கே வரவே நினைக்கவில்லை. பேருந்தைத் தவறவிட்டாள். மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் திறந்திருந்த கதவு எஸ்ஸர் அம்மாளின் சிமுலேட்டர் கூடத்துடையது. ஒரு காலத்தில் சோபா விற்ற கடை அது. இப்போது ஐந்து பந்தய இருக்கைகள், ஐந்து ஸ்டியரிங், ஐந்து பெரிய திரைகள். எல்லாத் திரையிலும் ஒரே பாதைதான். ஊருக்குப் பின்னால் மலைமேல் கிடக்கிற நிஜப் பந்தயப் பாதையை அங்குலம் அங்குலமாக அளந்து கணினியில் வைத்திருந்தார்கள். ஜெர்மனியின் ஐஃபல் மலையில் பிறந்தவர்களுக்கு அந்த வளைவுகள் எல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரி, பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

காலியாக இருந்த ஓர் இருக்கையின் திரையில் டூரிங் பந்தயக் கார் ஒன்றின் ஸ்பிரிங், டயர் அளவுகளை மாற்றும் செட்டப் பக்கம் திறந்தபடி கிடந்தது. தேக்லாவுக்கு வேலையே பந்தயக் கார்களின் ஷாக் அப்சார்பரைப் பிரித்து மாட்டுவதுதான். பார்த்தாள்... முன் ஸ்பிரிங் பஞ்சு மெத்தை மாதிரி மெத்தென்று இருந்தது. கை அரித்தது. உட்கார்ந்துவிட்டாள்.

"முன் ஸ்பிரிங்கை இவ்வளவு மெத்துன்னு வச்சா, பிரேக்கைத் தொட்டதும் காரு மூக்கு தரையில இடிக்குங்க. கெட்டியாக்கிட்டேன். பின் டயர்ல காத்தையும் கொஞ்சம் குறைச்சேன். ஓட்டிப் பாருங்க, அப்புறம் திட்டுங்க."

"மழைக்கு ஒதுங்கின இடத்துல வைத்தியம் பார்க்கறீங்களா?"

"நோயாளி அப்படிக் கிடந்தா என்ன பண்றது?"

அந்தக் கூடத்தில் எல்லோரும் எல்லோரையும் நீ என்றுதான் கூப்பிடுவார்கள். இவர்கள் மட்டும் வம்புக்கென்றே நீங்க என்றார்கள். கல்லாவில் இருந்த எஸ்ஸர் அம்மாள் ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

அவன் விறைப்பாக உட்கார்ந்தான். ஓட்டினான். தேக்லா பின்னால் நின்று அடையைப் பிய்த்துத் தின்றாள்... ஆமாம், அவனுடைய அடையைத்தான்! கார் தண்டவாளத்தில் போவதுபோல் போனது. சுற்று முடிந்தபோது திரையில் வந்த நேரத்தைப் பார்த்து எஸ்ஸர் அம்மாளே எழுந்து வந்துவிட்டாள்.

"குவிரின்! இந்த மாசத்துல இதுதான்டா குறைஞ்ச நேரம்!"

அவன் திரும்பவில்லை. முகம் வெளுத்திருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

"எங்க போனா அவ...?"

"யாரு?" என்றாள் தேக்லா.

அவன் பதில் சொல்வதற்குள் வெளியே பேருந்தின் ஹாரன் கேட்டது. அவள் மழையில் ஓடி, ஒரு கையை உயர்த்தி வண்டியை நிறுத்தினாள். ஏறியபின் திரும்பிப் பார்த்தால்... கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவன், பேயைக் கண்டவன் போல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று முழுக்க அந்தப் பச்சைக் கண்கள் அவளை வேலை செய்ய விடவில்லை. மறுநாள் பேருந்தை வேண்டுமென்றே தவறவிட்டாள் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அவன் தபால் வேன் ஓட்டுபவன். மாதக் கடைசிக்குள் இந்தக் கூடத்தில் டூரிங் காரை யார் அதிவேகமாக ஓட்டுகிறார்களோ, அவர்களுக்கு மலைமேல் நிஜக் காரை ஒரு காலைப்பொழுது ஓட்டும் வாய்ப்பு. அன்று பந்தய அணித் தலைவர் போங்கார்ட்ஸுக்குப் பிடித்துவிட்டால் அடுத்த வருடம் அணியில் இடம். குவிரினுக்குச் சின்ன வயதிலிருந்தே இருந்த ஒரே கனவு அது. அவனைவிட நன்றாக ஓட்டுகிறவர்கள் அங்கே இல்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் நேரத்தைக் கோட்டை விட்டான்... சூனியக்காரி வளைவில்.

"இந்த வரைபடக் கோட்டைப் பாருங்க," என்று திரையில் அவனுடைய கால் அழுத்தத்தைக் காட்டினாள் தேக்லா. "எல்லாரும் ஆக்சிலேட்டரை முழுசா மிதிக்கிற இடத்துல நீங்க காலை எடுக்கறீங்க. ஏன்?"

அவன் மெல்லச் சொன்னான்.

"அங்க ஒருத்தி நிக்கறா. வேலிக்குப் பின்னால... தரை வரைக்கும் ஒரு வெளிர் கோட்டு. ஒரு கையைத் தூக்கியிருப்பா. சட்டைக்கை விரலைத் தாண்டித் தொங்கும். முகம் மூடுபனியில தெரியாது. என்னைக் கூப்பிடறாளோன்னு தோணும்."

"மத்தவங்க யாரும் பாக்கலையே?"

"பாக்கல. சொன்னா சிரிக்கறாங்க."

தேக்லாவும் சிரித்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூடத்தில் எஸ்ஸர் அம்மாளைத் தவிர ஒருவரும் இல்லாதபோது, அவனுடைய பழைய செட்டப்பை ஏற்றி அவளே உட்கார்ந்தாள்.

சூனியக்காரி வளைவுக்கு முன்னால் ஒரு தாழ்ந்த மரக்கிளை பாதி வேலியை மறைத்துக்கொண்டிருக்கும். அவள் பிரேக்கைத் தொட்டாள். மெத்தென்ற ஸ்பிரிங் அமுங்கி, காரின் மூக்கு தாழ்ந்தது. அதோடு ஓட்டுபவளின் பார்வையும் நாலு விரல் தாழ்ந்தது. கிளைக்கு அடியில்...

ஒருத்தி நின்றாள்.

கை உயர்ந்திருந்தது. சட்டைக்கை தொங்கியது.

தேக்லாவின் கால் தானாக எழும்பிவிட்டது. கார் சுழன்று புல்லில் போய் நின்றது. மறுபடி ஓட்டினாள், மறுபடி அங்கேயே அவள். சரி, காரை அங்கேயே நிறுத்தி நன்றாகப் பார்ப்போம் என்று நிறுத்தினாள். கார் நின்றதும் மூக்கு நிமிர்ந்தது, கிளை மறைத்துக்கொண்டது. வெளியிலிருந்து காட்டும் கேமராவில் பார்த்தாள். வெறும் வேலிதான் இருந்தது. பிரேக் பிடிக்கும் அந்த ஒரு கணத்தில், மூக்குத் தாழும் காரில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அவள் தெரிவாள். மற்ற எல்லோரும் முன் ஸ்பிரிங்கைக் கெட்டியாக வைப்பவர்கள்... அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்?

"குவிரின் சொன்னப்பவே, இந்தப் பாதையைக் கம்ப்யூட்டர்ல செஞ்சவங்ககிட்டயே கேட்டுட்டேன்மா," என்றாள் எஸ்ஸர் அம்மாள், கோப்பையைத் துடைத்தபடி. "அந்த வளைவுல நாங்க ஆளே வைக்கலைன்னுட்டாங்க."

அன்று அந்த இருக்கையைவிட்டு எழுந்தபோது தேக்லாவுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட இன்னொன்று அதிகமாகக் குத்தியது... 'இவளைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தானா?'

மறுநாள் அது வாயில் வந்துவிட்டது.

"உங்க ஆளைப் பாத்தேன்."

குவிரின் துள்ளி எழுந்தான். "பாத்தீங்களா? அப்ப எனக்குப் பைத்தியம் இல்லையே!"

"இல்ல. ஆனா என் செட்டப்ல ஓட்டினா அவ இல்ல, அணியில இடம் உண்டு. உங்க செட்டப்ல ஓட்டினா அவ உண்டு, இடம் இல்ல. எது வேணும்?"

"அவளை அப்படியே விட்டுட்டுப் போக மனசு வரலீங்க..."

"ஒரு பொம்மைக்காகவா?"

"பொம்மைமேல உங்களுக்கு எதுக்குங்க பொறாமை?"

விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் அம்பு சரியான இடத்தில் தைத்துவிட்டது. அவள் முகம் குப்பென்று சிவந்தது.

"பொறாமையா? எனக்கா? தபால் வண்டியே ஓட்டிட்டிருங்க... அதுக்குத்தான் லாயக்கு!"

சொன்ன பிறகுதான் சுட்டது. அவன் கண்ணில் இருந்த வெயில் சட்டென்று போய்விட்டது. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. மானம் தடுத்தது. அதன்பின் அவள் ஒரு பேருந்தையும் தவறவிடவில்லை.

மாதம் முடிந்தது. ஒருநாள் காலை தேக்லா வேலை செய்யும் பட்டறை வாசலில் மஞ்சள் தபால் வேன் வந்து நின்றது.

"ஜெயிச்சுட்டேன்," என்றான், வண்டியை விட்டு இறங்காமலே. "உங்க செட்டப்லதான்."

"அவ...?"

"ஒரு சுத்துகூடத் தெரியல. ஆளு காலி பண்ணிட்டுப் போன வீட்டைக் கடந்து போற மாதிரி இருந்துச்சு." கொஞ்சம் தயங்கினான். "நிஜக் காருக்கும் நீங்களே செட்டப் பண்ணணும்னு போங்கார்ட்ஸ் சொல்றாரு. நானும்தான்... வருவீங்களா?"

அழுகை வந்தது அவளுக்கு. அதை அதட்டலாக மாற்றினாள்.

"வரேன். ஆனா சூனியக்காரி வளைவுல காலை எடுக்கக் கூடாது. எடுத்தா போங்கார்ட்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாரு. சத்தியம் பண்ணுங்க."

"சத்தியம்."

அந்தக் காலை மலைமேல் மூடுபனி பால் போல் இறங்கியிருந்தது. தேக்லா தன் கையாலேயே கெட்டி ஸ்பிரிங்கை மாட்டி முடித்தாள். குளிரில் பற்கள் கிடுகிடுத்தன. குவிரின் ஒன்றும் சொல்லாமல் தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டான். அவள் கைகளை நுழைத்து மாட்டிக்கொண்டதும் அது கணுக்காலைத் தாண்டி இறங்கியது. அவன் வாசம்... ஈரக் கம்பளியும் காபியும். ஏன்தான் இந்த மனுஷன் இவ்வளவு உயரமோ!

கார் அந்த வளைவில் எப்படித் திரும்புகிறது என்று கண்ணால் பார்க்க, கையில் வாக்கிடாக்கியோடு காட்டுப் பாதையில் நடந்து போனாள். ஒரு பறவைகூடக் கத்தவில்லை. வண்டு அரித்துச் செத்த ஊசியிலை மரங்கள் பனிக்குள் எலும்பெலும்பாக நின்றன. தூரத்தில் இன்ஜின் உறுமிக் கிளம்பியது.

அப்போது காற்று அடித்தது. தலைக்குமேல் மடமடவென்று ஒரு முறிவு... வளைவுக்கு அந்தப் புறம், ஓட்டிவருபவன் கண்ணுக்கு எட்டாத இடத்தில், செத்த மரம் ஒன்று பாதைக்குக் குறுக்கே விழுந்தது.

"குவிரின்! நிறுத்துங்க! மரம்!"

வாக்கிடாக்கி உஸ்ஸென்று இரைந்தது. பள்ளத்தில் அலை கிடைக்கவில்லை. வேலியோ ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு, ஏற முடியாது. இன்ஜின் சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது. அவள் வேலியோரமாக, வண்டி வரும் திசை பார்த்து ஓடினாள். வளைவின் முன்னால் நின்று கையை உயர்த்தினாள்.

சட்டைக்கை நழுவி, விரலைத் தாண்டித் தொங்கியது.

அவள் அதைப் பார்த்தாள். தரை தொடும் வெளிர் கோட்டைப் பார்த்தாள். எதிரே, தாழ்ந்த கிளை.

'நான்தான்... அது நான்தான். அது கூப்பிடுற கை இல்ல. நிறுத்துற கை.'

ஆனால் காரில் இருப்பது கெட்டி ஸ்பிரிங். மூக்குத் தாழாது. கிளை அவளை மறைத்துவிடும். அவனுக்கு அவள் தெரியவே மாட்டாள். போதாதென்று, காலை எடுக்கமாட்டேன் என்று சத்தியம் வேறு... அவளே வாங்கிய சத்தியம்!

"கடவுளே... அவன் என்னைப் பாக்கணும்..."

பனியைக் கிழித்துக்கொண்டு விளக்குகள் வந்தன. பிரேக்கின் கீச்சொலி கேட்டது. அப்புறம்... உறுமிக்கொண்டிருந்த இன்ஜின் சட்டென்று அடங்கியது. காலை எடுத்துவிட்டான்! டயர்கள் அலறின. வளைவுக்கு அப்பால் சத்தம் தேய்ந்து நின்றது. இடித்த ஓசை மட்டும் வரவே இல்லை.

அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது கார் மரத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருந்தது. ஜீப்பில் வந்து இறங்கிய போங்கார்ட்ஸ் மரத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"இந்த வேகத்துல வந்து இதுக்கு முன்னால நிறுத்தினியா? டேய்... மரத்தை அறுத்துட்டு மறுபடி ஓட்டு. உனக்குன்னு ஒரு இடம் எடுத்து வைக்கறேன்."

குவிரினுக்கு அது காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நேராக வேலியிடம் வந்தான். அவளைப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான். தொங்கும் சட்டைக்கையைப் பார்த்தான்.

"மொத நாளே," என்றான் கரகரத்த குரலில், "கையைத் தூக்கிப் பேருந்தை நிறுத்தினீங்களே... அப்பவே எனக்குத் திக்குன்னுச்சு."

"கெட்டி ஸ்பிரிங்கில நான் எப்படித் தெரிஞ்சேன்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்க இந்தப் பக்கம் நடந்ததும் அணி மெக்கானிக்கிட்ட சொல்லி, நீங்க கழட்டின பழைய மெத்து ஸ்பிரிங்கையே மாட்டிட்டேன். உங்களை ஏமாத்தணும்னு இல்லீங்க... ஒரே ஒரு சுத்து, மெத்து ஸ்பிரிங்கில போய், நிஜ வளைவுலயும் அவ நின்னா அவகிட்ட ஒண்ணு சொல்லிட்டு வந்துடணும்னு தோணுச்சு."

"சத்தியம் பண்ணிட்டு இப்படியா? அப்படி என்ன சொல்லணும் அவகிட்ட?"

மழை மெல்லத் தூற ஆரம்பித்தது. அந்தப் பச்சைக் கண்கள் நிமிர்ந்தன... வெயில் திரும்பியிருந்தது.

"'இனிமே உன்னைத் தேடி வரமாட்டேன். எனக்கு ஒருத்தி கிடைச்சுட்டா. வாய்தான் கொஞ்சம் நீளம், ஆனா அவ இல்லாம ஒரு நாள்கூட ஓட மாட்டேங்குது'ன்னு."

தேக்லா வேலிக் கம்பிக்குள் விரல்களை நுழைத்தாள். சட்டைக்கை வழியே தேடி, அவன் கை அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டது. நிஜமான கை... சுடச்சுட இருந்தது.

"சொல்லிட்டியா?" என்று கேட்டாள். முதல் முறையாக நீ என்றாள்.

"இப்பதான்," என்றான், "சொல்லிட்டிருக்கேன்."