மேலே என்றால் மேடா?

எனக்குக் கோபம் வந்தால் காது சூடாகிவிடும். அன்றைக்கு என் காதை வைத்து ஒரு சட்டைக்கு இஸ்திரியே போட்டிருக்கலாம்.

வீட்டில் என்னை ‘மிளகாய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுக்கொள்ளட்டும். ஆனால் அன்றைக்கு நான் சும்மா கோபப்படவில்லை.

மழை பெய்தால் எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு அறைக்குள் தண்ணீர் புகுந்துவிடும். குட்டிப் பிள்ளைகள் காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். என் தம்பியும் அந்த வகுப்புதான். போன மழையில் வழுக்கி விழுந்து, தாடையில் மூன்று தையல்.

“இனிமே மழை பேஞ்சா நான் ஸ்கூலுக்குப் போகவே மாட்டேன்” என்று அழுதான்.

அதனால்தான் பள்ளியில் வாய்க்கால் வெட்ட முடிவு செய்தார்கள். எங்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சர் ஆளுக்கொரு பள்ளி வரைபடம் கொடுத்தார்.

“வாய்க்கால் எந்தப் பக்கம் போகணும்னு கோடு போடுங்க. சரியா இருக்கிறதை வெட்டுற அண்ணன்கிட்ட குடுத்துடலாம்.”

வரைபடத்தின் நடுவில் ஒன்றாம் வகுப்பு அறை. கீழ்ப் பக்கம் கேட். மேல் பக்கம், பள்ளிக்குப் பின்னால் இருக்கும் குட்டை. நான் அறையிலிருந்து மேலே, குட்டைவரை கோடு போட்டேன்.

வகுப்புத் தலைவன் எட்டிப் பார்த்தான். அவனுக்கு எட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையே கிடையாது.

“ஐயையோ, இங்க பாருங்கடா! இவளோட தண்ணி மாடி ஏறுது!”

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“தண்ணி கீழதானேம்மா ஓடும்?” என்று என் தாளில் சிவப்பு மையில் பெரிதாக ஒரு தப்புக் குறி போட்டார். தலைவன் கோட்டைக் கீழே, கேட்டுக்கு இழுத்திருந்தான். அவனுக்குச் ‘சரி’ போட்டார்.

“டீச்சர், மழையில கேட் பக்கம் காகிதக் கப்பல் விட்டா, அது தம்பி கிளாஸுக்குத்தான் வருது. நானே பாத்திருக்கேன்!”

“சரி, சரி, உட்காரு. நாளைக்குக் காலைல ஆள் வந்துடுவார்.”

அவ்வளவுதான். என் பேச்சு அங்கே எடுபடவில்லை.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினேன். கழுவினேன் என்பதைவிட அடித்தேன் என்று சொல்லலாம்.

“பாத்திரம் என்னடி பாவம் பண்ணுச்சு?” என்றார் அம்மா. அவர் கட்டட வேலைக்குப் போகிறவர். அப்போதுதான் வேலைச் சாமான்களை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். அதில் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ஒரு நீளமான பிளாஸ்டிக் டியூப் இருந்தது. சுவர் கட்டும்போது மட்டம் பார்க்கிற டியூப். அதில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் எவ்வளவு தூரத்தில் பிடித்தாலும், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும்.

நான் பாத்திரத்தை அப்படியே போட்டேன்.

“அம்மா, நாளைக்கு இது எனக்கு வேணும்.”

“ஓட்டை போட்டுட்டு வந்தே, தோலை உரிச்சிடுவேன்” என்றார் அம்மா. ஆனால் கொடுத்தார்.

மறுநாள் நான் போவதற்குள் கேட் பக்கம் ஒரு குழி வெட்டியாகிவிட்டது. குடுகுடுவென்று ஓடிப்போய் அந்தக் குழிக்குள் நின்றுகொண்டேன்.

“அம்மாடி, வெளிய வா. மண்வெட்டி பட்டுடப் போகுது” என்றார் வெட்டுகிற அண்ணன்.

“வர மாட்டேன்! முதல்ல அளந்து பாருங்க. அப்புறம் வெட்டுங்க!”

டீச்சர் வந்து, “சரி, அளந்துதான் பார்ப்போமே” என்றார். தலைவனும் ஸ்கேலோடு வந்தான். தண்ணீர் நிரப்பிய டியூபின் ஒரு முனையை என் தம்பி, அவன் வகுப்பறை வாசலில் பிடித்தான். மறு முனையை நான் குழிக்குப் பக்கத்தில் பிடித்தேன். தண்ணீர் அசையவே இல்லை.

“விரலை எடுடா! மூடிக்கிட்டு நிக்கிறியே!” என்று கத்தினேன்.

எடுத்தான். தண்ணீர் ஆடி ஆடி நின்றது.

“நீயே அள. நான் அளந்தா நம்ப மாட்டே” என்றேன் தலைவனிடம்.

அவன் தரையிலிருந்து டியூபில் தண்ணீர் நிற்கிற இடம்வரை அளந்தான். அறை வாசலில் மூன்று அடி. கேட்டில் இரண்டு அடி.

“அப்படின்னா...” என்று இழுத்தான்.

“அப்படின்னா கேட் பக்கம் தரை ஒரு அடி மேடு! இப்ப குட்டைப் பக்கம் வா!”

குட்டைக் கரைக்குப் போய் மறுபடி அளந்தோம். அறை வாசலில் இரண்டு அடி. கரையில் மூன்று அடி. தலைவன் இரண்டு முறை அளந்தான். மூன்றாவது முறை அளக்க அவனுக்கே வெட்கமாக இருந்திருக்கும்.

“குட்டைப் பக்கம்தான் பள்ளம்” என்றான், யாருக்கும் கேட்காத குரலில்.

“சத்தமா சொல்லு!”

“குட்டைப் பக்கம்தான் பள்ளம்!”

“வரைபடத்துல மேல இருக்கிறது வடக்கு, டீச்சர். மேடு இல்ல!” என்றேன். என் காது கொதித்தது.

வெட்டுகிற அண்ணன் தலையைச் சொறிந்தார். “நல்லவேளை. கேட் பக்கம் வெட்டியிருந்தா ரோட்டுத் தண்ணியும் சேர்ந்து உள்ள வந்திருக்கும்.”

டீச்சர் டியூபை ஒரு முறை உற்றுப் பார்த்தார். பிறகு, “நான் உன் பேச்சைக் கேட்டிருக்கணும்மா. தாளைக் கொண்டா, திருத்திடறேன்” என்றார்.

“மழை பேயட்டும் டீச்சர். அப்புறம் திருத்துங்க.”

கேட் பக்கத்துக் குழியை மூடினார்கள். அறைக்குப் பக்கத்திலிருந்து குட்டைவரை வாய்க்கால் வெட்டினார்கள்.

அடுத்த வாரமே மழை கொட்டியது. நான் டீச்சரிடம் கேட்டுவிட்டு ஒன்றாம் வகுப்புக்கு ஓடினேன். பின்னாலேயே டீச்சர். அவருக்குப் பின்னால் தலைவன்.

இடி இடித்ததுமே குட்டிகள் பழக்கத்தில் காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்திருந்தார்கள். வெளியே தண்ணீர் சலசலவென்று வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. வாசற்படியைத் தாண்டி ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை.

தம்பி என்னைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். ஒரு காலை மெதுவாகக் கீழே வைத்தான். பிறகு இன்னொரு காலையும் வைத்தான்.

“அக்கா, காஞ்சிருக்கு!”

அத்தனை குட்டிகளும் தொப்புத் தொப்பென்று காலைக் கீழே போட்டார்கள். நான் என் காதைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.