ஏழாவது கேள்விக்கு விடை என்ன?

டிரிங்... டிரிங்...!

வெள்ளிக்கிழமை. காலை மணி பத்து.

செஞ்சி காந்தி பஜாரில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்த ராஜம்மாள் கணினிப் பயிலகத்தின் தொலைபேசி அலறியது.

நிறுவனர் பாண்டுரங்கன் ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ..."

மறுமுனையில் ஓர் ஆண் குரல். கர்ச்சீப்பை வாயில் பொத்திக்கொண்டு பேசுகிற குரல்.

"சார்... அந்த ஏழாவது கேள்விக்கு விடை இன்னா சார்?"

"எந்த ஏழாவது கேள்வி?"

"நாளைக்குப் பரீட்சைல வரப்போறது சார். மத்த எல்லாத்துக்கும் புக்குல விடை இருக்குது. அது ஒண்ணுதான் எங்க தேடியும் கிடைக்கல."

டக்!

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அடுத்த நொடி பாண்டுரங்கன் போட்ட கூச்சலில், கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் இரண்டு காப்பி அதிகமாக எடுத்துவிட்டார்.

"ஐயோ... பேப்பர் அவுட்டாயிடுச்சே...!"

முதலில் ஓடி வந்தவள் மங்கை.

அங்கே பாடம் நடத்துபவள். வயது இருபத்தாறு. ஊர் வல்லம். எதிலும் முதலில் வந்து நிற்பது அவள் வழக்கம். காலையில் பயிலகத்தின் பூட்டைத் திறப்பவளும் அவள்தான். அந்த நல்ல பழக்கம் இன்னும் ஒரு மணி நேரத்தில் தன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப் போகிறது என்று பாவம், அவளுக்குத் தெரியாது!

"இன்னா சார்... இன்னா ஆச்சு?"

பாண்டுரங்கன் ஓடிப்போய்ப் பீரோவைத் திறந்தார். அரக்கு சீல் வைத்த கவர் அப்படியே இருந்தது. சீல் உடையவில்லை.

உள்ளே இருந்தது நாளைய தேர்வின் கேள்வித்தாள். தலைப்பு: 'கம்ப்யூட்டர் நெட்வொர்க் மற்றும் தகவல் பாதுகாப்பு - அடிப்படைகள்.'

சிரிக்காதீர்கள். பாதுகாப்பைப் பற்றிய கேள்வித்தாள்தான் பறிபோயிருந்தது!

பதினொரு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் அன்புக்கரசி படியேறி வந்தார். நாற்பது வயது. கறாரான கண்கள். வாயில் ஒரு ஏலக்காய்.

"வெளிய போன பேப்பரைக் காட்டுங்க."

இன்னொரு பயிற்றுநரான பிரசாந்த் தன் செல்போனை நீட்டினான். ஒரு மாணவனை மிரட்டி வாங்கிய படம். கேள்வித்தாளின் முதல் பக்கம். பதினைந்து கேள்விகளும் பளிச்சென்று தெரிந்தன.

அன்புக்கரசியின் பார்வை படத்தின் இடது மூலையில் நிலைத்தது.

அங்கே...

சிவப்பாக ஒரு கறை!

"ரத்தமா...?"

பாண்டுரங்கன் இரண்டடி பின்வாங்கினார்.

பிரசாந்த் குறுக்கே புகுந்தான். "மேடம், கறையை அப்புறம் பாக்கலாம். ஆளையே புடிச்சுட்டேன்."

"யாரு?"

பிரசாந்த் ஒரு காகிதத்தை மேஜையில் வைத்தான்.

"எங்க வைஃபை ரூட்டர்ல எடுத்த பிரிண்ட். கேள்வித்தாள் தயாரானது புதன்கிழமை காலைல. ஆயுத பூஜை அன்னிக்கு. மதியம் சார் சீல் வெச்சுட்டாரு. இடையில இங்கேருந்து ஒரே ஒரு பெரிய ஃபைல் வெளிய போயிருக்குது. பதினொண்ணு இருபதுக்கு. அனுப்புன ஐ.பி. அட்ரஸ் 192.168.1.2."

"அது யாரோட நம்பர்?"

பிரசாந்த் சுவரைக் காட்டினான். ஆடி மாதம் அவனே எழுதி ஒட்டிய பட்டியல் அது. எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த எண் என்று வரிசையாக இருந்தது.

இரண்டாம் எண்ணுக்கு நேரே... மங்கை!

மங்கை பட்டியலை இன்னொரு முறை படித்தாள்.

"சார்... நான் எதுக்கு சார்..."

"பேசாத!" பாண்டுரங்கன் எகிறினார். "பொண்ணு மாதிரி நெனச்சனே உன்ன! மேடம், என் நெட்வொர்க்கு ராஜகிரிக் கோட்டை மாதிரி. வெளியாளு ஈ, எறும்பு நுழைய முடியாது. உள்ள இருக்கறவதான் குடுத்திருக்கா. இந்தாங்க கம்ப்ளெய்ன்ட். எஃப்.ஐ.ஆர். போடுங்க!"

எஃப்.ஐ.ஆர்.!

மங்கையின் கை தானாகக் கைப்பையை இறுக்கிக்கொண்டது. உள்ளே, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக ஒரு கடிதம். அரசு வேலைக்கான நியமன உத்தரவு. திங்கட்கிழமை சேர வேண்டும். போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும்தான் பாக்கி. இப்போது ஒரு வழக்கு விழுந்தால் எல்லாம் போச்சு!

கடிதம் வந்த அன்று அவளுடைய நைனா தெரு முழுக்க வீடு வீடாகப் போய் லட்டு கொடுத்தார். கேட்காதவர்களுக்கும் கொடுத்தார். அந்த முகத்தில் எப்படி விழிப்பது? அழுகை வந்தது. ஆனால் கோபம் அதைவிட வேகமாக வந்தது.

"மேடம், எனக்குப் பத்து நிமிஷம் குடுங்க. நான் இல்லன்னு காட்டறேன்."

அன்புக்கரசி ஏலக்காயை மறுகன்னத்துக்கு மாற்றினார்.

"பத்து நிமிஷம். ஆனா கீபோர்டுல நீ கை வெக்கக் கூடாது. நீ சொல்லு, இந்தத் தம்பி தட்டட்டும்."

"சரி மேடம். மொதல்ல அந்த ரத்தம்..." மங்கை படத்தைப் பெரிதாக்கினாள். "இது ரத்தம் இல்ல. குங்குமம். கீழ மஞ்சளா தெரியுது பாருங்க, அது சந்தனம்."

பாண்டுரங்கனின் முகம் மாறியது.

"சார், கேள்வித்தாளைப் பூஜையில வெச்சீங்களா?"

"வெக்காம? புக்கு, பேனா, எல்லாம்தான் சரஸ்வதிக்கு முன்னாடி வெக்கறோம். பசங்க நல்லா எழுதணும்னு அதையும் வெச்சேன். பூஜை முடிஞ்சு மதியம்தான் எடுத்து சீல் வெச்சேன்."

கவர் பிரிக்கப்பட்டது. கேள்வித்தாளின் இடது மூலையில் அதே சந்தனம். அதே குங்குமம்!

அன்புக்கரசி மெல்ல விசிலடித்தார்.

"அப்படின்னா பொட்டு வெச்சதுக்கு அப்புறம், சீல் வெக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்திருக்காங்க. பூஜை நேரத்துல. நீ அப்ப எங்க இருந்த?"

"பூஜைக்கு நின்னுட்டு, பொரி வாங்கினு பதினொண்ணு பத்துக்குக் கிளம்பிட்டேன் மேடம்."

"பத்து நிமிஷ வித்தியாசம்தான்!" என்று பிரசாந்த் துள்ளினான். "கெளம்பும்போதே அனுப்பற மாதிரி கம்ப்யூட்டர்ல செட் பண்ணி வெச்சிருக்கலாம் இல்ல?"

"எந்தக் கம்ப்யூட்டர்ல?" மங்கை பாண்டுரங்கன் பக்கம் திரும்பினாள். "சார், அன்னிக்கு என் கம்ப்யூட்டர் எப்படி இருந்துச்சு?"

"எப்படி இருக்கும்? நான்தான் காலைல மெயினை ஆஃப் பண்ணி, ரூம கழுவி, எல்லா பிளக்கையும் புடுங்கி, ஒவ்வொண்ணுக்கும் சந்தனம் வெச்சேன். பூஜையில வெச்ச ஆயுதத்த யாரும் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமிக்குத்தான் ஆன் பண்ணோம்."

"பிளக் புடுங்குன கம்ப்யூட்டர் ஃபைல் அனுப்புமா சார்?"

பாண்டுரங்கன் சுவரில் இருந்த பிளக்கைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அந்த நம்பர்...?" அன்புக்கரசி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மேடம், அந்த நம்பர் யாருக்கும் சொந்தம் இல்ல. ரூட்டர் குடுக்கற டோக்கன். மொதல்ல வர்ற மெஷினுக்கு ரெண்டு, அடுத்து வர்றதுக்கு மூணு. ஒண்ணு ரூட்டரே வெச்சுக்கும். தினமும் நான்தான் மொதல்ல வந்து ஆன் பண்றேன். அதனால ரெண்டு எனக்கே கிடைச்சுது. பூஜைக்கு ரூட்டரையும் ஆஃப் பண்ணாரு சார். திரும்ப ஆன் பண்ணதும் புதுக் கணக்கு. அன்னிக்கு மொதல்ல உள்ள வந்த ஆளுக்கு அந்த ரெண்டு போயிடுச்சு."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"திண்டிவனம் பஸ்ல டிரைவருக்குப் பின்னாடி சீட்ல தினமும் நான் உக்கார்றேன்னு வெச்சுக்குங்க. ஒருநாள் நான் பஸ்லயே ஏறல. அந்த சீட்ல வேற ஒருத்தன் உக்காந்து பிக்பாக்கெட் அடிக்கறான். நீங்க யார புடிப்பீங்க?"

அன்புக்கரசியின் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"சீட்ட வெச்சு ஆளப் புடிக்க முடியாது. கைரேகை வேணும். இருக்குதா?"

"இருக்குது! மேக் அட்ரஸ்னு பேரு. வண்டிக்கு சேசிஸ் நம்பர் மாதிரி. டோக்கன் மாறும், இந்த நெட்வொர்க்குல அது மாறாது. இந்த பிரிண்ட்ல அது இருந்திருக்கணும்... பேப்பர் பத்தாம வலது பக்கம் வெட்டுப்பட்டிருக்குது."

அன்புக்கரசி பிரசாந்தைப் பார்த்தார். கோழித் திருடனைப் பார்க்கிற பார்வை!

"பேப்பர் பத்தலயா... இல்ல, வெட்டிட்டியா தம்பி?"

"ஐயோ மேடம்! எனக்குப் படுக்கை வசமா பிரிண்ட் எடுக்கத் தெரியாது மேடம்!"

"தட்டு. ரூட்டரைத் திற."

பிரசாந்த் கடவுச்சொல்லைத் தட்டினான். திரையில் புதன்கிழமைப் பட்டியல் விரிந்தது. பதினொன்று இருபது. எண் இரண்டு. அதற்கு நேரே நீளமாக ஒரு முகவரி.

மங்கை படித்தாள். "கடைசி நாலு... ஏழு, சி, நாலு, ஈ. கம்ப்யூட்டர் எல்லாம் பிளக் புடுங்கிக் கிடந்துச்சு. அப்ப இது ஒரு செல்போன்தான் மேடம்!"

"அன்னிக்கு இங்க யார் யார் இருந்தீங்க?"

"நான், மங்கை, பிரசாந்த்," என்றார் பாண்டுரங்கன். "பசங்களுக்கு லீவு."

"மூணு போனும் மேஜைக்கு வரட்டும்!"

மூன்று போன்களும் வந்தன.

முதலில் மங்கையின் போன். செட்டிங்ஸ்... வைஃபை... முகவரி...

பொருந்தவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது.

அடுத்து பிரசாந்த். அவன் நெற்றியில் வியர்வை கோடு போட்டது. போனைக் கொடுக்கக் கை வரவில்லை. அன்புக்கரசி பிடுங்கினார்.

"ஏன்டா தம்பி இப்படி வேக்கற? நீதானா?"

"இல்ல மேடம்... நான்... பூஜை அன்னிக்கு ஆபீஸ் வைஃபைல நாலு படம் இறக்கிட்டேன். சாருக்குத் தெரியக் கூடாதுன்னு..."

பிரசாந்தின் முகவரியும் பொருந்தவில்லை.

மேஜையில் இன்னும் ஒரே ஒரு போன்.

நெற்றியில் சந்தனமும் குங்குமமும் அழியாமல் இருந்த போன்!

"அது... அது என்னுது," என்றார் பாண்டுரங்கன். "அத எதுக்குப் பாக்கறீங்க? கம்ப்ளெய்ன்ட் குடுத்தவனே நான்தானே!"

அன்புக்கரசி பார்த்தார். மெதுவாக, ஒவ்வொன்றாகப் படித்தார்.

"ஏழு..."

"சி..."

"நாலு..."

"ஈ...!"

பாண்டுரங்கன் நாற்காலியில் சரிந்தார்.

"நானா...? சத்தியமா நான் யாருக்கும் பேப்பர் குடுக்கல மேடம்! எங்கம்மா ராஜம்மாள் மேல ஆணை!"

"சார்," மங்கை மெதுவாகக் கேட்டாள், "பூஜை முடிஞ்சதும் ரூட்டர எதுக்கு ஆன் பண்ணீங்க?"

"வாழ்த்து அனுப்பத்தான்! பூஜையை ஒரு போட்டோ எடுத்து, 'ஆயுத பூஜை நல்வாழ்த்துகள்'னு நானும் பசங்களும் மட்டும் இருக்கற குரூப்ல..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

நிறுத்தியவர் விழித்தார்.

அன்புக்கரசி அந்தப் போனிலேயே குரூப்பைத் திறந்தார். புதன்கிழமை, பதினொன்று இருபது. சரஸ்வதி படம். பொரி. சுண்டல். மல்லிகைச் சரம் சுற்றிய ரூட்டர். சரஸ்வதி படத்தின் மேல் சாய்ந்தபடி, நேராக கேமராவைப் பார்த்துக்கொண்டு... நாளைய கேள்வித்தாள்!

இரண்டு விரலால் பெரிதாக்கினார். பதினைந்து கேள்விகளும் பல்லிளித்தன. இதிலிருந்து கேள்வித்தாளை மட்டும் வெட்டியெடுத்துத்தான் பையன்கள் சுற்றில் விட்டிருக்கிறார்கள்!

"இவ்ளோ தெளிவா எப்படி சார் விழுந்துச்சு?"

"ஹெச்.டி.ல அனுப்புனேன் மேடம்..." பாண்டுரங்கனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "சரஸ்வதி முகம் மங்கலா தெரியக் கூடாதுன்னு."

"கீழ நூத்துப் பன்னெண்டு பேரு 'ரொம்ப நன்றி சார்'னு போட்டிருக்கானுங்க. கூடவே கும்பிடு வேற!"

"அதப் பாத்து அழுதுட்டேன் மேடம். எந்தப் பூஜைக்கும் பசங்க இவ்ளோ மரியாதை காட்டுனதே இல்ல..."

பிரசாந்த் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எதிரே வெயிலில் ராஜகிரிக் கோட்டை கம்பீரமாக நின்றது.

"உங்க கோட்டைக்குள்ள ஈயும் நுழையல, எறும்பும் நுழையல சார்," என்றார் அன்புக்கரசி. "நீங்களே உச்சிக்கு ஏறி நின்னு, பொரியோட சேத்து வீசிட்டீங்க!"

புகார்க் காகிதத்தை எடுத்து அவரிடமே நீட்டினார்.

"இப்ப சொல்லுங்க. எஃப்.ஐ.ஆர்.ல யார் பேர எழுதட்டும்?"

பாண்டுரங்கன் அதை வாங்கி நாலாகக் கிழித்தார். பிறகு எழுந்து, மங்கையின் எதிரே வந்து நின்றார்.

"மன்னிச்சுடும்மா. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

மங்கைக்கு இப்போதுதான் அழுகை வந்தது. அடக்கவில்லை. நன்றாக அழுதாள்.

"பொண்ணு மாதிரின்னு சொல்லிட்டு, ஒரு வார்த்த கேக்காம போலீஸக் கூப்ட்டீங்களே சார்..."



அன்புக்கரசி தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"கண்ணத் தொடச்சுக்கம்மா. உன் வெரிஃபிகேஷன் ஃபைல் ஒரு வாரமா என் மேஜையிலதான் கிடக்குது. இன்னிக்கு சாயங்காலம் கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன். திங்கக்கிழமை வேலையில சேரு. உங்க நைனாகிட்ட சொல்லு, ஸ்டேஷனுக்கும் லட்டு வரணும்."

"லட்டு கதை உங்களுக்கு எப்படி மேடம்...?"

"வெரிஃபிகேஷனுக்கு வந்த ஏட்டுக்கு அஞ்சு லட்டு குடுத்தாராமே! எனக்கு ஒண்ணும் வந்து சேரல."

வாசல்வரை போனவர் திரும்பினார்.

"ஆமா, அந்த ஏழாவது கேள்விதான் இன்னா? போன் போட்டவன் அவ்ளோ தவிச்சானே."

பாண்டுரங்கன் தலையைக் குனிந்துகொண்டார். மங்கைதான் படித்தாள்.

"'ஒரு நெட்வொர்க்கின் பாதுகாப்பில் மிகப் பலவீனமான பகுதி எது? தக்க உதாரணத்துடன் விளக்குக.'"

"விடை?"

"அதைப் பயன்படுத்தற மனுஷன்தான் மேடம்."

அன்புக்கரசி பாண்டுரங்கனை ஏற இறங்கப் பார்த்தார். படியிறங்கினார். கீழே ஜெராக்ஸ் கடைவரை அவர் சிரிப்பு கேட்டது.

மாலை நான்கு மணி.

மங்கை புதிய கேள்வித்தாளைத் தயாரித்து முடித்தாள். பாண்டுரங்கன் போனை ஸ்விட்ச் ஆஃப் செய்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றே எட்டிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் மாத்திட்டியாம்மா?"

"பதினாலு கேள்விய மாத்திட்டேன் சார். ஏழாவது மட்டும் அப்படியே இருக்குது. நல்ல கேள்வி சார், தூக்கிப் போட மனசு வரல. கடைசியில ஒரே ஒரு வரி சேத்திருக்கேன்."

"இன்னா வரி?"

மங்கை பவ்யமாகப் படித்தாள்.

"'குறிப்பு: உதாரணத்தில் நிறுவனரின் பெயரைக் குறிப்பிடுபவர்களுக்கு மதிப்பெண் வழங்கப்பட மாட்டாது!'"