ஒரே கண்ணில் இரண்டு குறிகள்

முத்திருளனின் வலது கண்ணைத் தொட அறுவை எந்திரமான நுண்கரம் மறுத்துவிட்டது. "ஒரே கண்ணில் ஒரே நாளில் இரண்டு குறிகள் செல்லாது" என்று திரையில் எழுதிவிட்டுக் கத்தியை மடக்கிக்கொண்டது.

விருதுநகரில் இருந்த அந்தக் கண் மருத்துவமனையில் குறி எழுதுபவள் அன்னபாக்கியம். ஒரு காலத்தில் அது காப்பீட்டு பில்லுக்கான வேலை. செய்து முடித்த அறுவை சிகிச்சைக்குக் குறியெண் போடுவார்கள். இப்போது எண் போட்ட பிறகுதான் அறுவையே. குறியைப் படித்து நுண்கரம் வெட்டும், ஒட்டும். மருத்துவர்கள் கண்ணைப் பார்த்துச் சொல்வதோடு சரி.

வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பு தெறித்து முத்திருளனின் கண் மேற்பரப்பு வெந்துபோயிருந்தது. தழும்பை நீக்கி, பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வை ஒட்டி, நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து கடுகளவு திசு எடுத்து அதன்மேல் விதைக்க வேண்டும் என்றார் டாக்டர் நசீமா. சவ்வு ஒட்டுவது, திசு விதைப்பது இரண்டையும் ஒரே நாளில் செய்தால்தான் பார்வை திரும்பும்.

அன்னபாக்கியம் பழைய விதிப்புத்தகங்களைத் தோண்டினாள். மூன்றாம் நாள் பிடிபட்டது. ஒரே வேலைக்கு இருமுறை பில் போடுவதைத் தடுக்க எப்போதோ யாரோ எழுதிய விதி அது. நுண்கரம் அதை மருத்துவ விதி என்றே படித்து வைத்திருந்தது.

விதியை மாற்ற அவளுக்கு அதிகாரமில்லை. புதுக் குறி எழுதலாம். எந்த விளிம்பு, எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு பசை என்று இரண்டு அறுவைகளையும் ஒன்றாக்கி நாற்பது வரி எழுதினாள். குறிகளை அங்கீகரிக்கும் வாரியம் ஏற்றுக்கொண்டது.

அறுவை முடிந்த எட்டாவது வாரம் முத்திருளன் வந்தான். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அவளுடைய பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"தெளிவாத் தெரியுது தாயி" என்றான்.

பத்தொன்பது வருட வேலையில் யாரும் அவள் பெயரை அப்படிப் படித்ததில்லை. ஆறே மாதத்தில் நூற்றுப் பன்னிரண்டு மருத்துவமனைகளில் அந்தக் குறி ஓடியது. அவள் கணவர் அதன் எண்ணைத் தன் ஸ்கூட்டரில் எழுதி வைத்துக்கொண்டார். அவள் திட்டினாள், அழிக்கச் சொல்லவில்லை.

அப்புறம் தையல்காரி ரெஜினா வந்தாள். கண்ணில் சின்னப் புண். சவ்வு மட்டும் போதும். ஆனால் அன்னபாக்கியத்தின் பெரிய குறி வந்ததும், இனித் தேவையில்லை என்று சவ்வுக்கு மட்டுமான சின்னக் குறியை வாரியம் நீக்கிவிட்டிருந்தது. நுண்கரம் அவளுடைய நல்ல கண்ணையும் வெட்டத் தயாரானது. நசீமா பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு அன்னபாக்கியத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அன்னபாக்கியம் ஓடிவந்து, திசு எடுக்கும் வரிக்கு முன்னால் 'தேவைப்பட்டால் மட்டும்' என்று சேர்த்தாள். தேவையை முடிவு செய்பவர் யார் என்று நுண்கரம் கேட்டது. 'மருத்துவர்' என்று எழுதினாள்.

"அப்படியொரு குறி இல்லை" என்றது திரை.

அன்னபாக்கியம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அதையும் எழுதிருவோம் டாக்டர். எதை எதைப் பாத்து முடிவு பண்றீங்கன்னு வரிசையாச் சொல்லுங்க."

நசீமா குனிந்து ரெஜினாவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தாத் தெரியுது அக்கா" என்றார் கடைசியில். "எதைப் பாக்கிறேன்னுதான் சொல்லத் தெரியல."