சனிக்கிழமை இரண்டு லிட்டர்

தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. டெல்ஃபினா காலையிலிருந்து பீப்பாய்க்குள் உட்கார்ந்திருக்கிறாள். ஆள் உயரத்தைத் தாண்டிய ஓக் மரப் பீப்பாய்... மூன்று வருடம் ஒயின் கிடந்த இடம். உட்சுவரில் கல்லாக ஒட்டியிருக்கும் ஒயின் படிவைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். உள்ளே போக அடியில் ஒரு சின்னக் கதவு. முதலில் ஒரு கை, அப்புறம் தலை, அப்புறம் மறுதோள். அந்த வீட்டில் அதற்குள் நுழையும் உடம்பு அவளுக்கு மட்டும்தான். வேலையும் அவள் தலையில்.

வெளியே நவம்பர் மழை விடாமல் பெய்தது.

"ஏப்பா... உள்ள யாரு? முதலாளி எங்க?"

ஆண் குரல். அப்பா ஆல்பா ஊர்ச் சந்தைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள்.

"பொண்ணா உள்ள?"

"பீப்பாய்தான் பேசுது. என்ன வேணும், சொல்லுங்க."

அவன் மண்டியிட்டுக் கதவு வழியே எட்டிப் பார்த்தான். அவள் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். இமையில் மழைத்துளி தொங்க, இரண்டு பழுப்புக் கண்கள்... அவள் முகத்தில் அப்பியிருந்த செந்தூளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டன. அவள் கையில் சுரண்டியும் நின்றது.

அப்புறம்தான் அந்த வளைந்த மூக்கைக் கவனித்தாள். மலையின் கீழ்ச்சரிவில் இருக்கும் எவாசியோவின் மூக்கு.

பழைய பெரிய பீப்பாய்களை அறுத்து விறகாக்கிவிட்டு, புது மரத்தில் சின்னப் பீப்பாய்கள் வாங்கிப் போட்டவர் எவாசியோ. ஏழு வருடத்துக்கு முன் சந்தையில் இருபது பேர் நடுவில் அவள் அப்பா வீஜினின் ஒயினைத் தார்த்தண்ணி என்று சொல்லிச் சிரித்தவர். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்தது.

இவன் அவர் மகன், ரெமிஜியோ. துரின் நகரில் கார் தொழிற்சாலை வேலை. வாரக்கடைசிதோறும் வந்து போய்க்கொண்டிருந்தவன், போன வாரம்தான் ஒரேயடியாகத் திரும்பினானாம். ரம்பத்திலிருந்து ஒரு பெரிய பீப்பாயைக் காப்பாற்றி, இரண்டு வருடத்துக்கு முன் தன் கையால் ஒயின் போட்டு வைத்திருக்கிறான். மரம் வாராவாரம் கொஞ்சம் குடிக்கும். குறைந்த இடத்தை அதே வருடத்து ஒயினால் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் காற்று இறங்கிவிடும். அதற்கென்று எடுத்து வைத்த ஒயினை எவாசியோ தன் சின்னப் பீப்பாய்களில் ஊற்றிவிட்டார். புது மர வாசனை ஏறியதைத் திரும்ப எடுத்துப் பயனில்லை.

"அந்த வருஷத்து ஒயின் பெரிய பீப்பாய்ல இருந்தது உங்க வீட்ல மட்டும்தாங்க. அதுல கொஞ்சம் கொடுங்க, இல்லேன்னா என்னோடது காடியாயிடும்."

மழையோடு வந்து சேர்ந்த வீஜின் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தொப்பியை உதறினார். "உங்க அப்பன் வந்து வாயைத் தொறந்து கேக்கட்டும், தம்பி."

இங்கே வந்து கேட்டது தன் அப்பாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே பீப்பாய்க்கு ரம்பம் என்று சொல்லிவிட்டு, ரெமிஜியோ மழையில் இறங்கிப் போனான். கெஞ்சவில்லை. அந்த முதுகு அவளை என்னவோ செய்தது... வாசல் கதவருகில் ஓடிப் பிடித்தாள்.

"சனிக்கிழமை அப்பா சந்தைக்குப் போவாரு. வாங்க. அந்த வருஷத்து ஒயின் ஒரு பெரிய குடுவைல இருக்கு. வாரம் ரெண்டு லிட்டர், அதுக்கு மேல கிடையாது."

வந்தான். வாராவாரம் வந்தான். சும்மா வாங்கிப் போகக் கூச்சப்பட்டு, சுரண்டுகிறேன் என்று சின்னக் கதவுக்குள் நுழைந்து இரண்டு தோளும் மாட்டிக்கொண்டான். "தொழிற்சாலைச் சாப்பாடு நல்லாத்தான் போட்டிருக்காங்க" என்றபடி அவள் காலைப் பிடித்து இழுத்தாள். வெளியே வந்தபோது சட்டை கிழிந்திருந்தது, காது சிவந்திருந்தது. அந்த வாரம் முழுக்க அவளுக்கு அந்தக் காது ஞாபகம்.

பதினோராவது சனிக்கிழமை வீஜின் சந்தைக்குப் போகவில்லை. ரெமிஜியோ ஏறி வரும் நேரம் பார்த்து, இவர் மறுபக்கமாகக் கீழே இறங்கினார். ஒரு மணி நேரம் கழித்து வந்து நிலவறை வாசலில் நின்றார். தன்னால் அவன் பீப்பாய் போயிற்று என்றே டெல்ஃபினா நினைத்தாள்.

"உங்க அப்பன் சந்தைல இருந்தான். உன் பீப்பாயைத் தட்டிப் பாத்தேன். குடிச்சும் பாத்தேன். ஒழுங்காத்தான் வெச்சிருக்க" என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "அந்தப் பெரிய குடுவையைச் சின்னச் சின்ன பாட்டில்ல பிரிச்சு, முதல் நாளே மொத்தமாக் கொடுத்திருக்கலாமேம்மா. எதுக்கு இவனை வாராவாரம் மலையேற விட்ட?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை; முயல்களுக்குத் தீவனம் வைக்கப் போய்விட்டார்.

மழை ஓட்டின் மேல் தட்டிக்கொண்டிருந்தது...

"எனக்கும் தெரியும்" என்றான் ரெமிஜியோ, மெதுவாக. "மொத்தமாக் கேட்டிருக்கலாம்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா கொடுத்துடுவீங்களே."

அவள் பாட்டிலின் கழுத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "நானும் அதனாலதான் கொடுக்கல."

"உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு, டெல்ஃபினா. இந்தச் செந்தூளோடயே..."

"எனக்கும்தான். அந்தக் காதோடயே."

வாங்கிய இருபத்திரண்டு லிட்டர், அடுத்த வருடம் அவன் பீப்பாய் திறக்கும்போது வீஜின் வீட்டுக்குத் திரும்ப வந்துவிடும். மற்றக் கடன் அப்படியே இருக்கிறது. எவாசியோ ஆல்பா சந்தையில் இருபது பேர் நடுவில் நின்று, தார்த்தண்ணி என்று சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது வீஜினுக்கு இன்னும் பாக்கி.